பல வரித் தரவை நிரலில் அடுக்குவது எப்படி? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சனிக்கிழமைகளில் வெள்ளவத்தையில் என்னிடம் பைதான் நிரல்மொழி படிக்க வரும் மாணவி ஒருத்தி, போன மாதம் தான் எழுதிய முதல் கோப்பைக் காட்டினாள். கொழும்பின் அஞ்சல் வலயங்களை எண்ணும் பெயருமாக அகராதி ஒன்றில் (ஒவ்வோர் எண்ணோடும் ஒரு பெயரை இணைத்துவைக்கும் நிரல் அமைப்பு) எழுதியிருந்தாள். நிரல் ஓடியது, பிழைச்செய்தி எதுவும் வரவில்லை. "எல்லாம் சரிதானே அண்ணா?" என்று கேட்டாள். கோப்பில் இருந்தது இந்த ஒரே வரி:

```
வலயங்கள் = {1: "கோட்டை", 2: "கொம்பனித்தெரு", 3: "கொள்ளுப்பிட்டி", 4: "பம்பலப்பிட்டி", 5: "ஹெவ்லொக் டவுன்", 6: "வெள்ளவத்தை", 7: "கறுவாத்தோட்டம்", 8: "பொரளை", 9: "தெமட்டகொடை", 10: "மருதானை", 11: "புறக்கோட்டை", 13: "கொட்டாஞ்சேனை", 14: "கிராண்ட்பாஸ்", 15: "மட்டக்குளி"}
```

கொழும்புக்கு 15 அஞ்சல் வலயங்கள். இந்த வரியில் இருப்பவை 14. விடுபட்டது எது என்று உங்கள் கண் உடனே பிடித்திருந்தால் பாராட்டுகள். அவளுக்குப் பிடிபடவில்லை. முதல் பார்வையில் எனக்கும் பிடிபடவில்லை. இப்போது அதே தரவைக் கீழ்நோக்கி அடுக்கி, கடைசி ஐந்து வரிகளை மட்டும் பாருங்கள்:

```
    10: "மருதானை",
    11: "புறக்கோட்டை",
    13: "கொட்டாஞ்சேனை",
    14: "கிராண்ட்பாஸ்",
    15: "மட்டக்குளி",
```

11க்குக் கீழே 13 நிற்கிறது. தேடவே வேண்டியதில்லை. தரவும் கணினியும் முன்பு இருந்தவைதாம், மாறியது அடுக்கிய விதம் மட்டுமே. (விடுபட்டதை இப்போதே சேர்த்துவிடக் கை துறுதுறுக்கும். பொறுங்கள். அதற்குரிய இடம் கடைசிப் படியில் வருகிறது, காரணத்தையும் அங்கே சொல்கிறேன்.)

பட்டியல், அகராதி போன்றவற்றைப் பல வரிகளில் எப்படி அடுக்குவது என்பதில் நிரலாளர்களிடையே பல பாணிகள் உண்டு. புதியவர்கள் அவற்றைப் பார்த்து, இது அவரவர் ரசனை என்று நினைத்துவிடுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நாளை இந்தத் தரவில் ஒரு மாற்றம் வரும்போது எத்தனை வரிகளைத் தொடவேண்டியிருக்கும்? இந்தக் கேள்வியை வைத்துத்தான் பாணியைத் தேர்ந்தெடுக்கவேண்டும். ஒரு மாற்றத்துக்கு ஒரு வரி. கீழே வரும் படிகள் எல்லாம் அதிலிருந்து பிறந்தவை.

உதாரணங்கள் பைதானில் இருக்கின்றன. 2008இல் வெளிவந்த பைதான் 3 முதல் மாறிகளுக்கு, அதாவது தரவைத் தாங்கும் இடங்களுக்கு, தமிழில் பெயர் வைக்கலாம் என்பதால், கீழே உள்ளவற்றை அப்படியே எடுத்து ஓட்டிப் பார்க்கலாம். ஜாவாஸ்கிரிப்ட், கோ போன்ற மொழிகளில் வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்லிச் செல்கிறேன்.

1. உடைக்கவேண்டுமா என்று முதலில் பாருங்கள்

எல்லாவற்றையும் உடைக்கத் தேவையில்லை. காலி வீதி வழியாகப் போகும் இரண்டு பஸ்களையும் வேறு இரண்டையும் குறிக்க இது போதும்:

```
பஸ்கள் = [100, 101, 138, 177]
```

இதை நான்கு வரியாக்கினால் படிப்பவருக்கு எந்த நன்மையும் இல்லை. சிறிய எண்கள், எண்ணிக்கை குறைவு, ஒரே பார்வையில் அடங்குகிறது, அப்படியே விடுங்கள்.

வரியின் நீளத்துக்கு எல்லை வைப்பது வழக்கம். பைதானின் பாணி வழிகாட்டியான பெப் 8, ஒரு வரிக்கு 79 எழுத்து என்கிறது. பிளாக் என்னும் வடிவமைப்புக் கருவி 88 வரை விடும், ஜாவாஸ்கிரிப்டுக்குப் பெரிதும் பயன்படும் பிரிட்டியர் 80இல் நிறுத்தும். இந்த 80 நெடுங்காலமாகத் தொடரும் எண். ஐபிஎம் 1928இல் கொண்டுவந்த துளையிடும் அட்டையில் ஒரு வரிக்கு 80 எழுத்துக்குத்தான் இடம் இருந்தது. பிறகு வந்த கணினி முனையங்களின் திரைகளும் பெரும்பாலும் அதே அகலத்தில் வந்தன. இன்றைய திரைகள் அகலமானவைதாம். ஆனால் இரண்டு கோப்புகளைப் பக்கத்தில் பக்கம் வைத்து ஒப்பிடும்போதும், கைபேசியில் பார்க்கும்போதும் குறுகிய வரியின் அருமை தெரியும்.

நீளத்தை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். எல்லைக்குள் அடங்கினாலும் இரண்டு சந்தர்ப்பங்களில் நான் உடைத்துவிடுவேன். உள்ளே இன்னொரு அடைப்புக்குறி இருந்தால் உடைப்பேன். பட்டியல் வளரப்போகிறது என்று தெரிந்தாலும் உடைப்பேன். இன்று மூன்று கிளைகள் உள்ள கடைக்கு நாளை நான்காவது கிளை வரும். அந்தக் கிளைக்கு இன்றே ஒரு வரி அமைப்பு தயாராக இருக்கட்டும்.

2. உடைத்தால் முழுவதையும் உடையுங்கள்

புதியவர்களின் கோப்புகளில் நான் அதிகம் பார்க்கும் வடிவம் இது. கரையோர ரயில் பாதையின் சில நிலையங்கள்:

```
நிலையங்கள் = ["கொம்பனித்தெரு", "கொள்ளுப்பிட்டி",
             "பம்பலப்பிட்டி", "வெள்ளவத்தை",
             "தெஹிவளை", "கல்கிசை"]
```

திறக்கும் அடைப்புக்குறிக்கு நேர் கீழே அடுத்த வரிகளைத் தொடங்கும் பாணி இது. பெப் 8 இதை அனுமதிக்கிறது. அனுமதி இருந்தும் நான் இதை யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. மாறியின் பெயரை "கரையோர_நிலையங்கள்" என்று மாற்றிப் பாருங்கள். அடைப்புக்குறி வலப்பக்கம் நகர்ந்துவிடும், கீழே உள்ள இரண்டு வரிகளையும் இழுத்து நகர்த்தவேண்டும். ஒரு பெயரை மாற்றியதற்கு மூன்று வரிகள் மாறிவிட்டன. அதுமட்டுமல்ல, கொள்ளுப்பிட்டிக்குப் பிறகு ஒரு நிலையத்தைச் சேர்த்தால் முதல் வரி நீண்டுவிடும், அதைச் சரிசெய்ய அடுத்த வரியும் கலையும்.

இதற்குப் பதிலாக:

```
நிலையங்கள் = [
    "கொம்பனித்தெரு",
    "கொள்ளுப்பிட்டி",
    "பம்பலப்பிட்டி",
    "வெள்ளவத்தை",
    "தெஹிவளை",
    "கல்கிசை",
]
```

திறக்கும் அடைப்புக்குறியோடு முதல் வரி முடிகிறது. பைதானில் நான்கு இடைவெளி உள்ளே தள்ளி, வரிக்கு ஒன்றாக உறுப்புகள் வருகின்றன. ஜாவாஸ்கிரிப்டில் பொதுவாக இரண்டு இடைவெளி. கோ மொழியில் டாப். மாறியின் பெயர் எவ்வளவு நீண்டாலும் உள்ளே இருக்கும் ஒரு வரியும் அசையாது.

வரிக்கு ஒன்று என்பதால் இன்னொரு வசதியும் கிடைக்கிறது. குறிப்பு எழுத இடம் வந்துவிடுகிறது:

```
    6: "வெள்ளவத்தை",  # பாமன்கடையும் இதற்குள்
```

ஒரே வரியில் 14 வலயங்களை நெருக்கி எழுதியிருந்தால் இந்தக் குறிப்பை எங்கே வைப்பது?

3. கடைசி உறுப்புக்கும் கமா போடுங்கள்

மேலே கல்கிசைக்குப் பின்னாலும் ஒரு கமா இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதன் பிறகு எதுவும் இல்லை, ஆனாலும் கமா இருக்கிறது. "இது தேவையில்லாதது அல்லவா?" என்று எல்லா வகுப்பிலும் ஒருவர் கேட்பார். இந்தக் கமா இல்லாததால் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன்.

பல வருடங்களுக்கு முன்பு, பொருட்களை வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் ஒரு சிறு சேவைக்கான இணையப் பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். வாடிக்கையாளர் தம் இடத்தைப் பட்டியலில் இருந்து தேர்ந்தெடுக்கவேண்டும். தொடக்கத்தில் பம்பலப்பிட்டியோடு பட்டியல் முடிந்திருந்தது, அதற்குப் பின்னால் கமா இல்லை. சேவை தெற்கே விரிந்தபோது நான் கீழே இரண்டு வரிகளைச் சேர்த்தேன்:

```
இடங்கள் = [
    "கொள்ளுப்பிட்டி",
    "பம்பலப்பிட்டி"
    "வெள்ளவத்தை",
    "தெஹிவளை",
]
```

இரண்டாவது உறுப்பின் முடிவைப் பாருங்கள். அங்கே கமா இல்லை. பைதானில் இரண்டு எழுத்துச் சரங்கள் (மேற்கோளுக்குள் எழுதியவை) இடையில் எதுவும் இல்லாமல் அடுத்தடுத்து வந்தால், மொழி அவற்றை ஒட்டி ஒன்றாக்கிவிடும். சி மொழியிலும் அப்படித்தான். பிழைச்செய்தி வராது. நான்கு இடங்கள் இருக்கவேண்டிய பட்டியலில் மூன்றே இருந்தன, நடுவில் "பம்பலப்பிட்டிவெள்ளவத்தை" என்று இல்லாத ஓர் ஊர். பம்பலப்பிட்டிக்காரர்களுக்கும் இடம் இல்லை, வெள்ளவத்தைக்காரர்களுக்கும் இடம் இல்லை. எனக்கு அது தெரியவந்தது, வெள்ளவத்தையில் இருந்து ஓர் அம்மா தொலைபேசியில் அழைத்து, "தம்பி, எங்கள் இடத்துக்குக் கொண்டுவர மாட்டீர்களா?" என்று கேட்ட பிறகுதான்.

பம்பலப்பிட்டிக்குப் பின்னால் தொடக்கத்திலேயே ஒரு கமா இருந்திருந்தால் இது நடந்திருக்காது. அதனால்தான் கடைசிக் கமாவை நான் அழகுக்கான விஷயமாகப் பார்ப்பதில்லை.

கமாவை மறக்காமல் சேர்த்துவிடுபவருக்கும் ஒரு தொல்லை உண்டு. கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவியான கிட், மாற்றங்களை வரி வரியாகத்தான் காட்டும். கடைசிக் கமா இல்லாத பட்டியலில் ஓர் ஊரைச் சேர்த்தால் அது காட்டுவது இது:

```
-    "பம்பலப்பிட்டி"
+    "பம்பலப்பிட்டி",
+    "வெள்ளவத்தை"
```

பம்பலப்பிட்டியை நீங்கள் தொடவே இல்லை, ஆனால் தொட்டதாகப் பதிவாகிறது. ஒரு வருடம் கழித்து "இந்த வரியைக் கடைசியாக மாற்றியவர் யார்?" என்று ஒருவர் பார்த்தால் உங்கள் பெயர்தான் வரும். கமா முன்பே இருந்திருந்தால் ஒரே ஒரு கூட்டல் வரியோடு முடிந்திருக்கும்.

மொழிக்கு மொழி இது மாறும், அதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். கோ மொழியில் மூடும் அடைப்புக்குறி தனி வரியில் இருந்தால் கடைசிக் கமா கட்டாயம், விட்டால் நிரல் தொகுக்கப்படாது. ஜாவாஸ்கிரிப்ட் பட்டியலிலும், அகராதி போன்ற பொருளிலும் (ஆப்ஜெக்ட்) அனுமதிக்கிறது. 2017ஆம் ஆண்டுத் தரத்தில் இருந்து ஃபங்ஷனுக்குக் கொடுக்கும் மதிப்புகளின் வரிசையிலும் அனுமதி உண்டு. தரவைப் பரிமாறப் பயன்படும் ஜேசன் கோப்பில் கூடவே கூடாது. பைதான் பட்டியலை நகலெடுத்து ஜேசன் கோப்பில் ஒட்டும் புதியவர்கள் முதலில் முட்டிக்கொள்வது இந்தக் கமாவில்தான். தரவுத்தளத்திடம் தரவு கேட்கும் எஸ்கியூஎல் வினவலில் கடைசிப் பெயருக்குப் பின்னால் கமா வைத்தாலும் பெரும்பாலான தரவுத்தளங்கள் ஏற்காது. அதனால்தான் எஸ்கியூஎல் எழுதுபவர்கள் சிலர் கமாவை வரியின் தொடக்கத்துக்குக் கொண்டுவருகிறார்கள். ஹாஸ்கெல் மொழியிலும் அந்தப் பழக்கம் பரவலாக இருக்கிறது. கடைசிக் கமாவுக்கு இடம் தராத மொழிகளில் அது நியாயமான ஏற்பாடு. பைதானில் அதற்குத் தேவை இல்லை.

பைதானில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. அடைப்புக்குறிக்கு வெளியே தவறுதலாகக் கமா வைத்துவிடாதீர்கள்.

```
நிலையம் = "கோட்டை",
```

இது எழுத்துச் சரம் அல்ல. ஓர் உறுப்பு மட்டும் உள்ள டியூப்பிள், அதாவது மாற்றமுடியாத பட்டியல். கமா ஒன்றுதான் அதை மாற்றியது. இதுவும் சத்தம் போடாத பிழை.

4. மூடும் அடைப்புக்குறி

இதில் நீண்ட விவாதத்துக்கு இடம் இல்லை. மூடும் அடைப்புக்குறியைத் தனி வரியில், அந்தக் கட்டமைப்பைத் தொடங்கிய வரியின் இடது ஓரத்துக்கு நேராக வையுங்கள். உறுப்புகளுக்கு நேராக உள்ளே தள்ளி வைப்பதையும் பெப் 8 ஏற்கிறது. ஆனால் பிளாக், பிரிட்டியர் இரண்டுமே வெளி ஓரத்தில்தான் வைக்கும். பெரும்பாலானோர் போகும் வழியில் போவது நல்லது. கடைசி உறுப்போடு ஒட்டி மூடாதீர்கள். அப்படி மூடினால் மூன்றாவது படியில் சொன்ன தொல்லை திரும்பவும் வாசலுக்கு வந்துவிடும்.

5. பட்டியலுக்குள் அகராதி வந்தால்

உண்மையான வேலையில் தரவு பெரும்பாலும் இப்படித்தான் வரும், யோசிக்கவேண்டியதும் இங்கேதான் அதிகம். ஒவ்வொரு வலயத்துக்கும் எண், பெயர், அஞ்சல் குறியீடு என்று மூன்று விவரங்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஒவ்வொரு வலயமும் ஒரு வரி:

```
வலயங்கள் = [
    {"எண்": 3, "பெயர்": "கொள்ளுப்பிட்டி", "குறியீடு": "00300"},
    {"எண்": 4, "பெயர்": "பம்பலப்பிட்டி", "குறியீடு": "00400"},
    {"எண்": 6, "பெயர்": "வெள்ளவத்தை", "குறியீடு": "00600"},
]
```

மற்றது, ஒவ்வொரு விவரமும் ஒரு வரி:

```
வலயங்கள் = [
    {
        "எண்": 6,
        "பெயர்": "வெள்ளவத்தை",
        "குறியீடு": "00600",
        "பஸ்கள்": [100, 101, 141],
    },
]
```

எது நல்லது? மாற்றம் எந்த அளவில் வரும் என்று கேளுங்கள். முதல் உதாரணத்தில் வலயம் என்பது முழுதாக வரும், முழுதாகப் போகும். கொள்ளுப்பிட்டியின் குறியீடு மட்டும் நாளை மாறப்போவதில்லை. ஆகவே ஒரு வலயத்துக்கு ஒரு வரி பொருந்துகிறது. அட்டவணை போல மேலிருந்து கீழாக ஓடிப் பார்க்கவும் முடிகிறது: எண் 3, குறியீடு 00300, எண் 4, குறியீடு 00400. ஒன்று பொருந்தாமல் இருந்தால் கண்ணில் படும்.

இரண்டாவது உதாரணத்தில் பஸ் இலக்கங்கள் சேர்ந்துவிட்டன. அவை அடிக்கடி மாறும், வலயத்துக்கு வலயம் எண்ணிக்கையும் வேறுபடும். அப்போது விவரத்துக்கு ஒரு வரி தேவைப்படுகிறது. உள்ளே இருக்கும் சின்னப் பட்டியலை ஒரே வரியில் விட்டிருப்பதைக் கவனியுங்கள். வெளியே உடைத்துவிட்டோம் என்பதற்காக உள்ளே இருப்பதையும் உடைக்கத் தேவையில்லை. முதல் படியின் கேள்வியை ஒவ்வோர் அடைப்புக்கும் தனித்தனியாகக் கேட்கவேண்டும்.

ஒரே பட்டியலில் சில வலயங்களை ஒரு வரியிலும் சிலவற்றை ஐந்து வரியிலும் எழுதாதீர்கள். உடன்பிறந்தவர்களுக்கு ஒரே மாதிரி உடுத்துங்கள். ஒன்றை உடைக்கவேண்டி வந்தால் மற்றவற்றையும் உடையுங்கள். வாசிப்பவர் ஒரு வடிவத்துக்குக் கண்ணைப் பழக்கிக்கொண்டு இறங்கிவருகிறார்.

குறியீட்டை மேற்கோளுக்குள் எழுதியதற்கும் காரணம் உண்டு. 00600 என்று எண்ணாக எழுதினால் பைதான் 3 மறுத்துவிடும், முன்னால் வரும் பூச்சியங்களை அது ஏற்பதில்லை. ஜாவாஸ்கிரிப்டின் பழைய நடை மறுக்காமல், அதை எண்மத்தில் (எட்டின் அடிமானத்தில்) எழுதிய எண்ணாக எடுத்து 384 என்று வைத்துக்கொள்ளும். தொலைபேசி இலக்கங்களுக்கும் இதே கதைதான். கூட்டிக் கழிக்காத இலக்கம் எழுத்துச் சரமாக இருக்கட்டும்.

மூன்றாவது அடுக்குக்கு உள்ளே இன்னும் தள்ளவேண்டி வந்தால் நிறுத்திவிடுங்கள். வலப்பக்கம் நகர்ந்து நகர்ந்து போகும் வரிகளில் எந்த அடைப்பு எதை மூடுகிறது என்று தேடுவதிலேயே நேரம் போய்விடும். உள்ளே இருப்பதை வெளியே எடுத்து அதற்கு ஒரு பெயர் கொடுங்கள்:

```
காலி_வீதி_பஸ்கள் = [100, 101]

வெள்ளவத்தை = {
    "எண்": 6,
    "குறியீடு": "00600",
    "பஸ்கள்": காலி_வீதி_பஸ்கள்,
}
```

பெயர் வந்தவுடன் அடுக்கு குறைந்தது. அந்த எண்கள் எவை என்ற விளக்கமும் சேர்ந்தே வந்துவிட்டது. அடுக்கில் தடுமாறும்போது இடைவெளியைக் கூட்டிக் குறைத்துப் பார்ப்பதைவிட, ஒரு பெயர் வைத்துப் பார்ப்பது பெரும்பாலும் பலன் தரும்.

6. மதிப்புகளை ஒரே கோட்டில் நிறுத்த முயலாதீர்கள்

நேர்த்தியாக எழுதவேண்டும் என்று நினைப்பவர்கள் கட்டாயம் ஒருமுறை இதைச் செய்து பார்ப்பார்கள். எல்லா முக்காற்புள்ளிகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும்படி இடைவெளிகளை நிரப்புவார்கள்:

```
எண்கள் = {
    "கோட்டை"         : 1,
    "கொள்ளுப்பிட்டி" : 3,
    "பம்பலப்பிட்டி"  : 4,
    "வெள்ளவத்தை"     : 6,
}
```

நான் எழுத்துகளை எண்ணி, இடைவெளிகளைச் சரியாகத்தான் நிரப்பியிருக்கிறேன். உங்கள் திரையில் முக்காற்புள்ளிகள் நேராக நிற்கின்றனவா? அநேகமாக இராது.

ஆங்கில எழுத்துகளுக்கு எல்லா எழுத்தும் ஒரே அகலமாக இருக்கும் எழுத்துருக்கள் உண்டு, அங்கே இந்த வித்தை பலிக்கும். தமிழில் "ணை"க்கு ஓர் அகலம், "ரி"க்கு வேறு அகலம். கணினி எண்ணும் விதமும் வேறு. கொழும்பு என்ற சொல் நம் கண்ணுக்குக் கொ, ழு, ம், பு என்று நான்கு எழுத்து. எழுத்துகளுக்குக் கணினி எண் கொடுக்கும் தரமான யூனிகோடில் உயிர்மெய்யின் குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால், பைதான் அதன் நீளத்தை 8 என்று சொல்லும். நாம் பார்ப்பது நான்கு, எடிட்டர் திரையில் தரும் அகலம் இன்னொன்று, கருவி எண்ணுவது மூன்றாவது ஒன்று. தமிழில் தரவு எழுதுபவர்கள் கோட்டில் நிறுத்தும் பாணியைத் தொடக்கத்திலேயே கைவிடுவதுதான் நல்லது.

ஆங்கிலத் தரவுக்கும் நான் இதைத் தவிர்ப்பேன். நீளமான பெயர் ஒன்று புதிதாக வந்தால், மற்ற எல்லா வரிகளிலும் இடைவெளியைக் கூட்டவேண்டும். ஒரு மாற்றத்துக்கு ஒரு வரி என்பது அங்கே உடைந்துவிடுகிறது.

விதிவிலக்கு ஒன்று இருக்கிறது: எண்களின் அணி. கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை மூன்றும் கரையோரப் பாதையில் அடுத்தடுத்த நிலையங்கள். ஒன்றில் இருந்து மற்றதற்கு எத்தனை தரிப்பு என்று எழுதினால்:

```
தரிப்புகள் = [
    [0, 1, 2],
    [1, 0, 1],
    [2, 1, 0],
]
```

குறுக்கே மூன்று பூச்சியங்கள், இருபுறமும் ஒரே எண்கள். இங்கே வடிவமே பொருளைச் சொல்கிறது. இதை வரிக்கு ஓர் எண்ணாக ஒன்பது வரிகளில் எழுதியிருந்தால் அந்த ஒழுங்கு மறைந்திருக்கும்.

7. எந்த வரிசையில்?

தரவுக்கு இயல்பான வரிசை இருந்தால் அதையே பின்பற்றுங்கள். நிலையங்களைப் பாதையின் போக்கிலும் வலயங்களை எண்ணின்படியும் எழுதுங்கள். இயல்பான வரிசை இல்லாவிட்டால் அகரவரிசையில் வையுங்கள். புதிய உறுப்பு எங்கே வரவேண்டும் என்று அடுத்தவர் யோசிக்கவேண்டியிராது, ஒன்றையே இரண்டு முறை எழுதினாலும் அருகருகே வந்து தெரிந்துவிடும். அகராதியில் ஒரே எண்ணை இரண்டு முறை எழுதினால் பைதான் முறையிடாது, பிந்தியதை மட்டும் வைத்துக்கொள்ளும்.

தமிழ்ப் பெயர்களை அகரவரிசைப்படுத்தும் வேலையைக் கணினியிடம் கொடுப்பதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். யூனிகோடில் "ன" எழுத்து "ந"வுக்கு அடுத்து, "ப"வுக்கு முன்னால் இருக்கிறது. நம் நெடுங்கணக்கில் அது கடைசி எழுத்து. வெறும் குறியீட்டு எண்ணின்படி அடுக்கினால் வரிசை தப்பும். தமிழ் வரிசை தெரிந்த நிரல் நூலகத்தைப் பயன்படுத்துங்கள், சிறிய பட்டியல் என்றால் கையால் அடுக்குங்கள்.

8. கருவியிடம் ஒப்படையுங்கள்

இதுவரை சொன்னதைப் புரிந்துகொண்ட பிறகு, அதைக் கையால் செய்துகொண்டிருக்கவேண்டாம். பைதானுக்கு பிளாக், ஜாவாஸ்கிரிப்டுக்கு பிரிட்டியர் என்று கருவிகள் இருக்கின்றன, கோ மொழியோடு அதன் வடிவமைப்பான் சேர்ந்தே வருகிறது. கோப்பைச் சேமிக்கும்போதே எடிட்டர் அதை ஓட்டும்படி அமைத்துவிடுங்கள். மூன்று பேர் வேலை செய்யும் இடத்தில் அடைப்புக்குறியைப் பற்றிய வாக்குவாதம் அன்றோடு நின்றுவிடும்.

அப்படியானால் இதையெல்லாம் ஏன் படிக்கவேண்டும்? கருவி உங்கள் குறிப்பறிந்து நடப்பதற்கு. பிளாக் ஒரு பட்டியலில் கடைசிக் கமாவைக் கண்டால், அது ஒரே வரியில் அடங்கும் அளவு சிறியதாக இருந்தாலும் வரிக்கு ஒன்றாகவே வைத்திருக்கும். கமா இல்லாமல், 88க்குள் அடங்கினால் ஒரே வரியாக்கிவிடும். ஆகவே பட்டியல் வளரும் என்று நினைத்தால் கமாவை வையுங்கள். மேலே உள்ள எண் அணியின் வரிகளில் வைக்காதீர்கள். பிரிட்டியர் வேறு ஒன்றைப் பார்க்கிறது. பொருள் ஒன்றின் திறக்கும் அடைப்புக்கும் முதல் பெயருக்கும் இடையில் நீங்கள் வரியை உடைத்திருந்தால் அதை விரித்தே வைத்திருக்கும். கமாவை அதுவே போட்டுக்கொள்ளும். 2023இல் வந்த மூன்றாம் பதிப்பில் இருந்து, இடம் தரும் எல்லா இடத்திலும் போடுவதே அதன் இயல்பு.

9. ஏற்கனவே இருக்கும் கோப்பில் கைவைக்கும்போது

புதிதாக ஓர் அலுவலகத்தில் சேர்ந்து, அங்கே இருக்கும் கோப்புகள் வேறு பாணியில் இருந்தால், அந்தப் பாணியிலேயே எழுதுங்கள். ஒரே கோப்பில் இரண்டு பாணி இருப்பது, பிடிக்காத ஒரே பாணி இருப்பதைவிட வாசிப்பவருக்குக் கடினம். மாற்றத்தான் வேண்டும் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டால், வடிவத்தை மாற்றுவதைத் தனிக் கமிட்டாக (கிட்டில் ஒரு தனிப் பதிவாக) செய்யுங்கள். அதில் ஓர் எழுத்து உள்ளடக்கம்கூட மாறக்கூடாது. இருநூறு வரிகள் இடம்மாறிய கமிட்டுக்குள் ஒரு விலை மாற்றமும் ஒளிந்திருந்தால், சரிபார்ப்பவர் அதைக் காணமாட்டார். அந்த வடிவக் கமிட்டின் அடையாளத்தை ஒரு கோப்பில் எழுதி, அந்தக் கோப்பைக் கிட்டுக்குக் காட்டிவைத்தால், யார் எந்த வரியை மாற்றினார் என்று பார்க்கும்போது கிட் அதைத் தாண்டிப் போகும். 2019இல் வந்த 2.23ஆம் பதிப்பில் இருந்து இந்த வசதி இருக்கிறது.

அதனால்தான் தொடக்கத்தில் பொறுக்கச் சொன்னேன். என் மாணவி முதலில் தன் ஒற்றை வரியைப் பதினாறு வரிகளாக்கினாள்: திறக்கும் வரி, பதினான்கு வலயங்கள், மூடும் வரி. "வலயங்களை வரிக்கு ஒன்றாக அடுக்கியது" என்று குறிப்பெழுதி அந்தக் கமிட்டை முடித்தாள். பிறகு 11க்கும் 13க்கும் நடுவில் நீதிமன்றங்கள் இருக்கும் வலயத்தைச் சேர்த்து, இரண்டாவது கமிட்டைச் செய்தாள். கிட் காட்டியது இவ்வளவுதான்:

```
     11: "புறக்கோட்டை",
+    12: "புதுக்கடை",
     13: "கொட்டாஞ்சேனை",
```